அந்தப் பெண் ஏன் மாடிக்கு ஓடினாள்

என்னோடு தோட்டத்தில் வளர்ந்து இப்போது காதோரம் நரைத்துவிட்டவர்களுக்கு வீடியோ கேசட்டின் வாசனை நினைவிருக்கும். ஓடி முடித்த கேசட்டை வெளியே எடுத்தால் கையில் இளஞ்சூடாக இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் பிளாஸ்டிக்கும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை வரும். என் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நான் பேச்சில் கெட்டிக்காரனும் இல்லை. நான்கு பேர் கூடியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். படிப்பும் ஆறாம் வகுப்போடு நின்றது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு, டுரியான் துங்கால் ஊரைத் தாண்டி, அணைக்குப் போகும் சாலையிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ரப்பர் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்களும் ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களென்று, பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையை மூடிவிட்டார்கள். அதனால் அந்த ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் என்னையும் என் தங்கையையும் அம்மா எதிர் லய வரிசை வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போனார். எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஐந்து.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது இருக்கும். அவளுடைய மூத்த சகோதரி பிரசவத்தில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தக் குழந்தையை அக்காதான் வளர்த்தாள். தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்த ஆண் பிள்ளை. காலையில் பால் குடித்தபின் அவனைப் பின்னறையில் சேலையில் கட்டிய ஏணையில் போட்டு ஆட்டுவாள். அவன் தூங்கியதும் முன்னறைக்கு வந்து வீடியோவைப் போடுவாள்.

அதற்கு முன் தோட்டத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில்தான் வரும். அந்த வருடம்தான் நாள் முழுக்க மின்சாரம் வந்தது. பகலில் படம் பார்ப்பதே எங்களுக்கு ஒரு அதிசயம். அக்காவின் அப்பா வாங்கி வைத்திருந்த வீடியோ மெஷின், கறுப்பு நிறம், நல்ல கனம். மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். துணியை மடித்து வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டுதான் அக்கா அதைத் தொடுவாள்.

கேசட்டுகளை என் மாமா கொண்டுவருவார். அவர் ரப்பர் பால் லாரி ஓட்டுபவர். டவுன் கடைக்காரனுக்குத் தமிழ்ப்படம் எதுவென்று தெரியாது, அவருக்கு இங்கிலீசுப் படம் எதுவென்று தெரியாது. கையில் கிடைத்ததைக் கொண்டுவருவார். அப்படித்தான் அந்த மாதிரிப் படங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர்கள் விருந்துக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னப் பெண் வந்திருப்பாள். டெலிபோன் அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். அவள் கதவுகளையெல்லாம் பூட்டிக்கொண்டே வருவாள். கடைசியில்தான் தெரியும், அவன் வெளியே இல்லை, முதலிலிருந்தே உள்ளேதான் இருந்திருக்கிறான் என்று.

எங்களுக்கு இங்கிலீசு தெரியாது. கீழே ஓடும் மலாய் எழுத்தை அக்கா அரைகுறையாகப் படித்து, மீதியைத் தானே இட்டுக்கட்டிச் சொல்வாள். தங்கை தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "போயிட்டானா, போயிட்டானா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு இசைதான் பயம். அவன் வருவதற்கு முன் ஒரு மெல்லிய கம்பியை இழுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். அது வந்தால் நான் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வேன்.

எந்தப் படமானாலும் ஓரிடத்தில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் வாசல் கதவு திறந்திருக்கும். அவளோ திரும்பி மாடிப்படி ஏறி ஓடுவாள். அப்போது அக்காவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"இந்த லூசு ஏன் மேல ஓடுது? வாசல் அங்கதானே இருக்கு. ஜாலான்ல போய் நின்னு கத்த வேண்டியதுதானேலா. வீடு பெருசானா மூளை சிறுசாயிடும் போல."

நாங்களும் சேர்ந்து கத்துவோம். வாசலுக்கு ஓடு, ரோட்டுக்கு ஓடு என்று. படத்திலும் அலறல், எங்களிடமும் அலறல். இடப்பக்கத்து வீட்டு அத்தை கால் வீக்கத்துக்காக மெடிக்கல் லீவில் இருந்தார். அகப்பையால் பலகைச் சுவரில் தட்டி, "ஏய், அந்த வெள்ளைக்காரிய வாய மூடச் சொல்லுடி" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள்.

லயத்து வீடுகளின் சுவர்களைச் சொல்ல வேண்டும். இடைச்சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் பலகை, அதற்குமேல் தகரக்கூரைவரை வெறும் வெளி. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு இருமல், யார் யாரை அடிக்கிறார்கள், எல்லாம் அந்த வழியாக வந்துவிடும். அடி விழுகிற சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. வீடியோவில் ஒரு பெண்ணை யாராவது துரத்தினால் மூச்சு நின்றுவிடும் எங்களுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் தலை பலகையில் மோதினால் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

அக்கா வீட்டின் வலப்பக்கத்து வீடு காலி. அவளுடைய சகோதரியும் அத்தானும் இருந்த வீடு அது. சகோதரி இறந்ததும் அத்தான் பின் லயத்தில் தன் தாயோடு போய் இருந்துகொண்டார். கதவில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

அத்தானைப் பற்றித் தோட்டத்தில் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். நன்றாகப் பால் வெட்டுவார். திருவிழாவில் காவடி எடுப்பார். எங்களுக்கு ஐஸ் வாங்கிக் கொடுப்பார். மனைவி போனபிறகு குடிக்கிறார், பாவம் என்றார்கள். சின்னவளை அவருக்கே கட்டிவைத்துவிட்டால் குழந்தைக்கும் தாய் ஆயிற்று, அவருக்கும் சோறு ஆயிற்று என்று பெரியவர்கள் பேசி முடித்தே வைத்திருந்தார்கள். தை பிறந்ததும் கல்யாணம். அக்கா மட்டும் மாட்டேன் என்றாள். ஏனென்று கேட்டால் சொல்ல மாட்டாள். எங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்லியிருந்தாள். ஜனவரியில் சிம்பாங்கில், ரோடு பிரியும் இடத்தில், பாக்டரி பஸ் வந்து நிற்குமாம். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விடுவாளாம், குழந்தையையும் தூக்கிக்கொண்டு. அந்தச் சுவர்களுக்குள் எந்த ரகசியமும் தங்காது.

அன்று வானம் மூடியிருந்தது. ஆனால் மழை இல்லை. குழந்தை ஏணையில் தூங்கிவிட்டான். படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சுருட்டுப் புகை வாடை வந்தது. கிராம்பு மணக்கும் அந்த வாடை. படத்தில் ஒருவன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். சின்னப் புத்திக்கு, வாடை அங்கிருந்துதான் வருகிறதென்று நினைத்துக்கொண்டேன். காலி வீட்டுப் பக்கம் ஏதோ தகரம் உருண்டது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எலி என்றாள்.

கம்பி இழுக்கும் இசை எதுவும் வரவில்லை. அதை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். சுவருக்குமேல் முதலில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு அத்தானின் முகம். அவர் அரிசிப் பீப்பாய்மேல் காலை வைத்து, வழுக்கி, கீழே விழுந்து எழுந்தார். இடுப்பில் பால் வெட்டுகிற கத்தி. வாயிலிருந்து சம்சுச் சாராய நாற்றம். ஆணி அடித்த அந்த வீட்டுக்குள் பின்பக்கப் பலகையைப் பெயர்த்துக்கொண்டு விடியற்காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

குழந்தையைக் கொடு என்றார். பாக்டரிக்குப் போகிறாயாமே, போ, என் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போ என்றார். கொடுக்க மாட்டாய் என்றால் பிள்ளையும் இல்லை, நீயும் இல்லை என்று கத்தியை உருவினார்.

அக்கா எங்கள் இருவரையும் பின்னால் தள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தாள். அவர் வீசினார். அவள் இடக்கையைத் தூக்கினாள். ரப்பர் மரப்பட்டையைச் சீவும்போது வருமே, அதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகுதான் அலறினாள். திரையில் அந்தப் பெண்ணும் அதே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தாள். இடப்பக்கச் சுவரில் அகப்பை டொக் டொக்கென்று தட்டியது.

அக்கா தங்கையை ஒரு கையால் இழுத்து வெளியே விட்டாள். என் முதுகில் மறு கையை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். நான் சிமெண்டுப் படியைத் தாண்டிப் புல்லில் விழுந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவளும் வாசற்படியில் நின்றாள். ஒரு கால் வெளியே. முன்னால் திடல், அதைத் தாண்டிச் செம்மண் ரோடு. ஓடியிருந்தால் குடித்திருந்த அந்த ஆளால் அவளைப் பிடித்திருக்க முடியாது.

உள்ளே குழந்தை முழித்துக்கொண்டு அழுதது.

அக்கா வெளியே வைத்திருந்த காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பின்னறைக்குப் போகும் வழியில் அவர் நின்றிருந்தார். அவர் ஏணைப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அக்கா வீடியோ மெஷினை இரண்டு கையாலும் பிடுங்கினாள். வயர்கள் அறுந்து, டிவியில் வெள்ளைப் புள்ளிகளாக இரைந்தது. அதை அப்படியே தூக்கி அவர் பின்மண்டையில் போட்டாள். அவர் முழங்காலில் விழுந்து, திரும்பி, அவள் காலை வெட்டினார். அவள் மறுபடி போட்டாள். மூடி பிளந்து கேசட் வெளியே தொங்கியது. பழுப்பு நாடா சரம் சரமாக வந்து இருவர் மேலும் சுற்றிக்கொண்டது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"படம் பாத்துப் பயந்துட்டியாடா? இரு, தண்ணி தரேன்" என்று சிரித்துக்கொண்டே, சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்படிப் பக்கம் திரும்பினார். நான் வெளியே ஓடிவிட்டேன்.

பேசாமல் ஆளைக் கூப்பிட எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பால் நிறுக்கும் கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பக்கத்தில் இரும்புக் கழி. கழியை இரண்டு கையாலும் தூக்கி, முடிந்தமட்டும் அடித்தேன். காடெங்கும் கேட்டிருக்கும். ஆட்கள் ஓடிவருவார்கள் என்று பாதையையே பார்த்துக்கொண்டு அடித்தேன். யாரும் வரவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். மழை வருகிறதென்றால் அந்தத் தண்டவாளத்தைத்தான் அடிப்பார்கள். அடித்தால், வெட்டுவதை நிறுத்திவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் வடிந்த பாலைத் தண்ணீர் விழுவதற்குள் வாளியில் சேர்க்க வேண்டும். மேலே மேகம் கறுத்திருந்தது. கீழே மணி அடிக்கிறது. அவ்வளவு பேரும், எங்கள் அம்மா உட்பட, மரத்துக்கு மரம் ஓடி ஓடி மங்கைக் கவிழ்த்துப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் வேகமாகப் பால் எடுத்தார்கள்.

வந்தது ஆட்களை மேய்க்கும் மண்டோர் மட்டும்தான், மோட்டார் சைக்கிளில். தான் சொல்லாமல் எந்த நாய் மணி அடித்தது என்று கேட்டுக்கொண்டே வந்து, கன்னத்தில் ஒன்று விட்டார். நான் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். இன்னொன்று விட்டார். காதைப் பிடித்து, போடா வீட்டுக்கு என்று என்னைத் திருப்பினார். அப்படியே கையை எடுத்துவிட்டார்.

"டேய். உன் முதுகுல என்னடா?"

என் வெள்ளைப் பனியனில் ஒரு கை பதிந்திருந்தது. விரல்களோடு, ரத்தத்தில். எனக்கே அப்போதுதான் தெரியும்.

நாங்கள் போனபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் இருந்தது. அதன் காலில் வீடியோ நாடா சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அக்கா பல்லால் முடிச்சிட்டுக் கையில் சேலைத் துணியைக் கட்டியிருந்தாள். இரண்டு விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன, காலிலும் ரத்தம். உள்ளே அத்தான் குப்புறக் கிடந்து முனகினார். டிவி இரைந்துகொண்டே இருந்தது. தங்கை சாக்கடைக்குள் உட்கார்ந்து காதைப் பொத்தியிருந்தாள். அத்தை தண்ணீர் டம்ளரோடு நடுவாசலில் நின்றார். பிறகு பல நாள் அவர் அதையே சொல்லி அழுதார்: "கத்தறதுல என்ன தமிழு, என்ன இங்கிலீசு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேட்டுச்சு."

ஆட்கள் பால் வாளிகளோடு மெதுவாக வந்து சேர்ந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, மழையே இல்லையே, மணி யார் அடித்தது என்பதுதான்.

அன்றைய பால் பாதிகூடச் சேரவில்லை. தோட்டத்து ஆபீசை நடத்தும் கிராணி என் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், கிராணி வீட்டு வேலிக்கு முன்னால் என்னை நிறுத்தி, பெல்ட்டால் விளாசினார். கிராணி ஜன்னலில் நின்று பார்த்தார். அவர் உள்ளே போனதும் அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது ஒரு தகப்பன் யார் பார்ப்பதற்காகத் தன் பிள்ளையை அடிப்பான் என்பது எனக்கும் பிள்ளைகள் பிறந்தபிறகுதான் விளங்கியது.

போலீசுக்குப் போகவில்லை. தோட்டத்துப் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். அத்தான் கால் தவறிக் கீழே விழுந்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். அவர் தலையில் கட்டோடு ஒரு நாற்காலியில் இருந்தார். அக்கா கையில் கட்டோடு தரையில் இருந்தாள். பிள்ளைகளைப் போகச் சொன்னார்கள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முதலில் வீடியோவைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் வந்தது என்றார் ஒருவர். இனிமேல் கேசட் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று என் மாமாவை மிரட்டினார்கள். அக்காவின் அப்பா, மெஷின் போய்விட்டதே என்று தலையில் கைவைத்திருந்தார். குடிவெறியில் நடந்தது, இனி ஒழுங்காக இருப்பார், பேசியபடி தையில் கல்யாணம் என்று முடிக்கப் போனார்கள்.

அக்கா மாட்டேன் என்றாள்.

கோயில் தலைவர் சிரித்தார். "வாசல் தொறந்துதான் இருந்துச்சு. இந்தப் பசங்கள வெளிய தள்ளத் தெரிஞ்சுச்சு. உனக்கு ஓடத் தெரியலியா? ஏன் திரும்ப உள்ள போன?"

நாலைந்து பேர் கனைத்தார்கள். அந்தக் கேள்வியில் இருந்த அழுக்கு எனக்கு அப்போதே நாறியது.

"பிள்ளை உள்ள இருந்துச்சு" என்றாள் அக்கா.

"அவன் பெத்த பிள்ளைம்மா. அவன் என்ன செஞ்சிடப் போறான்?"

அக்கா தலைவரைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டவ நான். எங்கக்கா பிரசவத்துல சாகல."

யாரும் கனைக்கவில்லை. அத்தான் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். மண்டோர் அவர் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். அக்காவின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதே சுவருக்கு இந்தப் பக்கம்தான் அவரும் படுத்திருந்தார். மூடிய முந்தானைக்குள்ளிருந்து, கல்யாணம் வேண்டாம் என்று அவர் சொன்னது பலருக்குக் கேட்கவில்லை. தலைவர் கேட்காததுபோல் மறுபடி பேச ஆரம்பித்தார். அக்காவின் அம்மா எழுந்து, பேரனைத் தூக்கி மகளின் நல்ல கையில் கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார். அக்காவும் பின்னாலேயே போய்விட்டாள். கூட்டம் வீடியோவைத் தடைசெய்து கலைந்தது.

ஜனவரியில் அவள் பாக்டரி பஸ்ஸில் ஏறவில்லை. விரல் மடங்காத கைக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். என் மாமாவின் பால் லாரியில் முன்சீட்டில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சேலையை மடித்து, ஏணைக் கயிற்றோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள்.

சில வருடங்களுக்கு முன் என் கடைசி மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடியபோது, பாச்சாங்கில் ஒரு வீட்டைச் சொன்னார்கள். போனேன். அக்கா. உடம்பு பெருத்து, கண்ணாடி போட்டிருந்தாள். எட்டுப் பத்துப் பிள்ளைகள். அந்த ஏணைக் குழந்தை இருபத்தைந்து வயது ஆளாகி, சமையற்கட்டில் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பின்னால் நல்ல அறை ஒன்று, குளிர்சாதனம் போட்டு. அதில் விளையாட்டுச் சாமான்கள் மட்டும் கிடந்தன. ஏணைகள் மூன்றும் முன் வாசல் கதவை ஒட்டி, வரிசையாகத் தொங்கின. ரோட்டுத் தூசி, மோட்டார் சத்தம், எல்லாம் அங்கேதான். தன் மகளை விட வந்த ஒரு சீனப் பெண் மூக்கைச் சுளித்து, உள்ளே கட்டக்கூடாதா என்று மலாயில் கேட்டாள். அக்கா சிரித்து, இங்கே காற்று நன்றாக வரும் என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகளை அவள் கையில் கொடுத்தேன். மடங்காத அந்த இரண்டு விரல்களும் குழந்தையின் முதுகில் நேராக நின்றன. வாசலுக்கு மிக அருகில் தொங்கிய ஏணையில் அவளைப் போட்டு, அக்கா நிலைப்படியில் ஒரு காலை வெளியே வைத்து உட்கார்ந்து, ஆட்டத் தொடங்கினாள்.